“லேசான சுகர்தானே... அதைப் போய் எதுக்கு எழுதணும்?” - வெளிநாடு கிளம்பும் பெற்றோரும் பயணக் காப்பீடும்

வீட்டுக் கணக்கு - வாராந்தரத் தொடர்

கும்பகோணத்தில் இரவு 9 மணி. டல்லாஸில் காலை நேரம். வீடியோ காலில் மகள். அவளுக்கு ஏழாவது மாதம். பிரசவம் பார்க்க அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்கு அமெரிக்கா கிளம்புகிறார்கள். விசா வந்துவிட்டது. டிக்கெட் போட்டாகிவிட்டது. பருப்புப்பொடியும் பிரசவ லேகியமும்கூட டப்பாவில் ஏறிவிட்டன. பாக்கி இருப்பது பயணக் காப்பீடு மட்டும்தான். மகள் லேப்டாப்பில் விண்ணப்பத்தைத் திறந்துவைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாள்.

“அம்மா, உனக்கு சுகர் எத்தனை வருஷமா இருக்கு?”

“லேசாத்தான்டி இருக்கு. அதைப் போய் எதுக்கு எழுதணும்?”

“மாத்திரை சாப்பிடுறியா இல்லியா?”

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவ்வளவுதான்.”

பின்னால் ஈஸிசேரில் இருந்து அப்பா குரல் கொடுக்கிறார். “எழுதினா ரேட்டை ஏத்திடுவாம்மா. எதிர்வீட்டு சார் போனப்ப ஒண்ணுமே எழுதல. நல்லாத்தானே போயிட்டு வந்தார்?”

அடுத்த கேள்வி, இதய நோய் உண்டா என்பது. இந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா திரும்பி அப்பாவைப் பார்க்கிறார்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லம்மா... போன வருஷம் தஞ்சாவூர்ல ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. நீ அங்க தனியா இருந்து கவலைப்படுவியேன்னுதான் சொல்லல.”

“அப்ப கேஸ் ட்ரபிள்னு சொன்னீங்களே!”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிதாக இருக்காது. ‘பிள்ளை பதறுவான்’ என்று பெற்றோர் மறைப்பதும், ‘செலவு கூடுமே’ என்று விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று டிக் அடிப்பதும் சாதாரணமாக நடக்கின்றன. முதலாவது, பாசத்தில் செய்வது. இரண்டாவது, சிக்கனம் என்று நினைத்துச் செய்வது. இரண்டும் சேர்ந்தால், காசு கொடுத்து வாங்கிய பாலிசி தேவையான நேரத்தில் வெறும் காகிதமாகிவிடும்.

இங்கே இருக்கும் கார்டு அங்கே செல்லாது

“நமக்குத்தான் ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் இருக்கே” என்பது பல பெரியவர்களின் முதல் பதில். அது நியாயமான கேள்விதான். ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஓய்வூதியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, 70 வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் வயவந்தனா அட்டை என்று எல்லாமே இந்தியாவில் உள்ள மருத்துவமனைகளுக்கானவை. தனியாரிடம் எடுத்த வழக்கமான குடும்ப மெடிக்ளெய்ம் பாலிசியும் பெரும்பாலும் அப்படித்தான். வெளிநாட்டுச் சிகிச்சை உண்டு என்று பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அது அங்கே உதவும்.

சரி, அங்கே உள்ள அரசுக் காப்பீடு? அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ‘மெடிகேர்’ என்ற திட்டம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் போகிற அப்பா, அம்மாவுக்கு அதில் இடமில்லை. கிரீன் கார்டு வாங்கிய பெற்றோரே, அங்கே வேலை பார்த்த வரலாறு இல்லையென்றால், தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிறகுதான் பணம் கட்டி அதில் சேர முடியும்.

“ஆபத்துன்னு போனா ஆஸ்பத்திரியில விரட்டிட மாட்டாங்களே?” என்று கேட்பவர்களும் உண்டு. விரட்ட மாட்டார்கள். அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் முதலில் பரிசோதித்து, ஆபத்து நிலையிலிருந்து மீட்க வேண்டும். ஆனால், அந்தச் சட்டம் பில் போடக் கூடாது என்று சொல்லவில்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பில் மகள் வீட்டு முகவரிக்கு வரும். ஆம்புலன்ஸுக்குத் தனி, டாக்டருக்குத் தனி, ஸ்கேனுக்குத் தனி என்று ஒரே நாள் சிகிச்சைக்கு நான்கைந்து பில்கள்கூட வரலாம்.

எவ்வளவு ஆகும்? மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தால் சராசரியாகச் சுமார் 30,000 டாலர் ஆகும் என்கிறது அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம். நம் பணத்தில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். ஓய்வுபெற்ற ஒருவரின் சேமிப்பு முழுவதும் மூன்றே நாளில் கரைந்துவிடலாம். இல்லையென்றால், குழந்தை பிறந்த வீட்டில் மகளும் மருமகனும் அந்தக் கடனைச் சுமக்க வேண்டும்.

இது எதற்கான பணம், எதற்கான பணம் இல்லை?

பயணக் காப்பீடு என்றாலே எல்லாச் சிகிச்சையும் கிடைக்கும் என்று நினைப்பது இரண்டாவது தவறு. எதிர்பாராமல் வரும் அவசரத்துக்கு உதவுவதுதான் அதன் வேலை. நோயை முழுமையாகக் குணப்படுத்த அது பொறுப்பேற்காது. நோயாளியின் நிலையைச் சீராக்கி, ஊர் திரும்ப வைக்கும் வரைதான் பல பாலிசிகள் செலவை ஏற்கும்.

அதிலும் ‘முன்பே இருக்கும் நோய்’ என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, தைராய்டு, இதய நோய், சிறுநீரக நோய் எல்லாம் இதற்குள் வரும். இந்த விஷயத்தில் சந்தையில் இருக்கும் பாலிசிகள் பொதுவாக மூன்று ரகம்.

முதல் ரகம்: முன்பே இருக்கும் நோய்க்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் ஒரு ரூபாயும் கிடையாது. விலை குறைவு. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாம் ரகம்: அந்த நோயால் உயிருக்கு ஆபத்தான அவசர நிலை வந்தால் மட்டும் செலவை ஏற்கும். அதுவும் முழுத் தொகைக்கு இல்லை, ஓர் உச்சவரம்பு வரைதான். பாலிசியின் முகப்பில் 1 லட்சம் டாலர் என்று இருக்கும். உள்ளே போய்ப் படித்தால், முன்பே இருக்கும் நோய்க்கு அதில் சிறு பகுதிதான் என்று இருக்கும்.

மூன்றாம் ரகம்: சொல்லப்பட்ட நோய்களையும் பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனை செய்து, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பு தருவது. விலை அதிகம். 65 வயதைத் தாண்டி, மாத்திரை டப்பாவோடு பயணம் கிளம்புகிறவர்களுக்கு முதலில் விசாரிக்க வேண்டிய ரகம் இதுதான்.

ஓர் உதாரணம் பார்த்தால் வித்தியாசம் புரியும். சர்க்கரை நோய் உள்ள அம்மா, மகள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைகிறது. இது விபத்து. பெரும்பாலும் எல்லா பாலிசியிலும் பணம் கிடைக்கும். அதே அம்மாவுக்குக் காலில் புண் வந்து, இரண்டு வாரமாக ஆறாமல் சீழ் பிடிக்கிறது. இதைச் சர்க்கரையின் தொடர்ச்சி என்று நிறுவனம் சொல்லும். முதல் ரகத்தில் எதுவும் கிடைக்காது. இரண்டாம் ரகத்திலும் சந்தேகம்தான், ஏனென்றால் அது திடீரென்று வந்த ஆபத்து இல்லை. தீர்ந்துபோன மாத்திரையை அங்கே வாங்குவது, வழக்கமான ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ், ஊரிலேயே செய்திருக்க வேண்டிய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பொதுவாக எந்தப் பயணக் காப்பீடும் கைகொடுக்காது.

ஒரே நோய்... இரண்டு தீர்ப்புகள்

உண்மையை எழுதுவதற்கும் மறைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டிலும் சர்க்கரை நோய் இருக்கிறது.

முதல் வழக்கு, மெடிக்ளெய்ம் பாலிசி தொடர்பானது. 1990-ல் பாலிசி எடுத்தவர், உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று விண்ணப்பத்தில் சொல்லியிருந்தார். அதே ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், அதோடு சிறுநீரகப் பாதிப்பும் இருந்தது மருத்துவமனைச் சான்றில் தெரியவந்தது. நிறுவனம் பணம் தர மறுத்தது. மனைவி வழக்காடினார். 2009-ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது, நிறுவனத்தின் முடிவை மாற்றக்கூடிய உண்மையை மறைத்தால் பாதுகாப்பைக் கோர முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது வழக்கு, பயணக் காப்பீடு பற்றியது. 2009 மே மாதம், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக ஒருவர் அமெரிக்கா கிளம்பினார். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி எடுத்தார். அதற்காக மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. சர்க்கரை நோய் இருப்பது அதில் பதிவானது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியபோதே அவருக்கு வியர்த்துக்கொட்டி, உடல் தளர்ந்தது. மருத்துவமனையில் சேர்த்து 3 ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஊர் திரும்பிப் பணம் கேட்டால் நிறுவனம் கைவிரித்தது. சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் முன்பே இருந்தவை, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்றது. 2015-ல் தேசிய நுகர்வோர் ஆணையமும் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. 2021 டிசம்பரில் நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், பி.வி.நாகரத்னா அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடல்நிலையை ஆராய்ந்து பார்த்து பாலிசி கொடுத்துவிட்ட பிறகு, அவர் ஏற்கெனவே சொன்ன நோயையே காரணம் காட்டிப் பணம் தர மறுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

சர்க்கரை நோயைப் பதிவு செய்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சண்டை ஒரு கொழுப்பு மாத்திரையைச் சுற்றியும் நடந்தது. தீர்ப்பு வர 12 ஆண்டுகள் ஆயின. அந்த மாத்திரையின் பெயரும் முதலிலேயே எழுதப்பட்டிருந்தால், நிறுவனத்துக்கு வாதாட ஒரு காரணம் குறைந்திருக்கும்.

விண்ணப்பத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

‘பார்டர்ல இருக்கு’, ‘கன்ட்ரோல்ல இருக்கு’, ‘எப்பவோ ஆபரேஷன் பண்ணினது’ என்பதெல்லாம் நம் வீட்டுப் பேச்சு. விண்ணப்பத்துக்கு அந்த அளவுகோல் கிடையாது. மாத்திரையால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றால், ரத்த அழுத்தம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

விண்ணப்பத்தை நிரப்பும் முன், வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டுங்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளை எடுத்து வையுங்கள். கேட்கும் கேள்விக்குள் வருகிற ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம், புற்றுநோய் சிகிச்சை, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் ஆண்டோடு குறிப்பிடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்து இன்னும் செய்யாமல் இருக்கும் பரிசோதனை இருந்தால், அதையும் சொல்லுங்கள். ‘ஆஞ்சியோ பார்த்துடலாம்’ என்று டாக்டர் சொன்ன பிறகு, அதைத் தள்ளிவைத்துவிட்டு விமானம் ஏறுவது உடம்புக்கும் ஆபத்து, க்ளெய்முக்கும் ஆபத்து.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, ஏஜென்ட்டோ டிராவல்ஸ்காரரோ நிரப்பித் தரும் படிவம். டிக்கெட்டோடு சேர்த்து ‘இன்ஷூரன்ஸும் போட்டாச்சு சார்’ என்பார்கள். நோய் பற்றிய கேள்விக்கு யார் பதில் சொன்னது? பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ‘இல்லை’ என்று போயிருக்கும். பொறுப்பு மட்டும் பாலிசிதாரரின் தலையில். அதனால் நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது. தவறு இருந்தால், பயணத்துக்கு முன்பே இ-மெயில் மூலம் திருத்தச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் போதாது.

இன்னொன்று, பாலிசி எடுத்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையில் உள்ள நாள்கள். அதற்குள் டாக்டர் புதிய மாத்திரை கொடுத்தாலோ, மருத்துவமனையில் சேர்ந்தாலோ நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கனடா நிறுவனங்களின் பாலிசிகளில் ‘நிலையான உடல்நிலை’ என்ற நிபந்தனையைப் பார்க்கலாம். பயணத்துக்கு முன் 90 நாளோ 180 நாளோ, பாலிசி சொல்லும் காலத்தில் நோயிலும் மருந்திலும் மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். மருந்தின் அளவைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் பல பாலிசிகளில் அது மாற்றம்தான். இதற்காகத் தேவையான மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். மாற்றம் நடந்தால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டுக்கு நாடு விதி வேறு

அமெரிக்கா: சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. இதனாலேயே பலர் எடுக்காமல் போகிறார்கள். மருத்துவச் செலவு எக்கச்சக்கமாக இருக்கும் நாட்டில், காப்பீடு கேட்பதற்கு ஆளில்லை என்பதுதான் வேடிக்கை.

ஐரோப்பா: பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட 29 ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா வாங்க, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பாலிசி வேண்டும். ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் நாள்கள் முழுவதற்கும் அது செல்ல வேண்டும். அவசரச் சிகிச்சையோடு, நோயாளியையோ, இறந்தால் உடலையோ ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். ஆனால், விசாவுக்குப் போதுமான பாலிசி, அப்பாவின் இதய நோய்க்கும் போதும் என்று அர்த்தமில்லை. விசா அதிகாரி பார்ப்பது தொகையை. குடும்பம் பார்க்க வேண்டியது விலக்குகளை.

கனடா: பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு, உள்ளே நுழையும் நாளிலிருந்து ஓர் ஆண்டுக்காவது பாலிசி கட்டாயம். முன்பு கனடா நிறுவனங்களின் பாலிசி மட்டுமே செல்லும். 2025 ஜனவரி 28 முதல், கனடாவின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் ஏற்கப்படுகிறது.

இங்கே வாங்கலாமா, அங்கே வாங்கலாமா?

பிள்ளைகள் இருக்கும் நாட்டு நிறுவனத்திடமே பாலிசி எடுப்பதும் வழக்கம். அமெரிக்காவில் வருகையாளர்களுக்கான பாலிசிகள் இரண்டு விதம். ஒன்றில், டாக்டரைப் பார்க்க இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் நிர்ணயித்த தொகைதான் கிடைக்கும். பில் அதற்கு மேல் போனால் கைக்காசு. இன்னொன்றில், ஆரம்பத்தில் ஒரு தொகையை நாம் கட்டிவிட்டால், மீதியைப் பாலிசி தொகை வரை நிறுவனம் பெருமளவு ஏற்கும். ஆரம்பத்தில் நாம் கட்டும் அந்தத் தொகைக்குத்தான் ‘டிடக்டிபிள்’ என்று பெயர். முதல் விதம் மலிவு. பெரிய பில் வரும்போது தாங்குவது இரண்டாவது விதம்.

முன்பே இருக்கும் நோயைப் பொறுத்தவரை, அந்தப் பாலிசிகளில் ‘திடீர்த் தாக்குதல்’ என்று ஒரு பிரிவு இருக்கும். முன்னறிகுறி இல்லாமல் திடீரென வந்திருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. 70 வயதுக்கு மேல் இந்தப் பிரிவே இல்லாத பாலிசிகளும் உண்டு. ‘விடிஞ்சதும் பாத்துக்கலாம், தூங்குறவங்களை எழுப்ப வேணாம்’ என்று நெஞ்சுவலியோடு படுத்திருக்கும் நம் ஊர் அப்பாக்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்திய நிறுவனங்களின் பாலிசி எடுப்பதாக இருந்தால், விமானம் ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும். பல பாலிசிகள் ஒரே பயணத்துக்கு 180 நாள் வரை தருகின்றன. 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சில பாலிசிகளில் அறை வாடகை, ஐ.சி.யூ, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு இருக்கும். 2 பாலிசிகளை ஒப்பிடும்போது பிரீமியத்தை முதலில் பார்க்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்கு எவ்வளவு, உள்வரம்பு உண்டா, டிடக்டிபிள் எவ்வளவு, மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுதி வாங்கிவிட்டு, கடைசியாக விலையைப் பாருங்கள்.

கிளம்பும் நாளில்...

பாலிசி எண், நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண், இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி அப்பாவின் பர்ஸிலும் அம்மாவின் கைப்பையிலும் வையுங்கள். மருமகனின் போனிலும் ஏற்றுங்கள். ‘பி.டி.எஃப் மெயில்ல இருக்கு’ என்பது நடுராத்திரியில் உதவாது. டாக்டர் எழுதித்தந்த சீட்டில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும். நம் ஊர் பிராண்டு அங்கே யாருக்கும் தெரியாது. தினசரி மருந்துகளையும் இன்சுலினையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் போடும் பெட்டியில் வைத்தால் இன்சுலின் உறைந்து வீணாகலாம். பெட்டி தொலைந்தால் மருந்தும் போகும்.

அங்கே அவசரம் என்றால், முதலில் உயிர். அமெரிக்கா, கனடாவில் 911, ஐரோப்பாவில் 112. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் ஒருவர் காப்பீட்டு உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவசரமில்லாத சிகிச்சை என்றால் அழைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போனால் நேரடியாகப் பணம் கட்டுவார்கள் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

டாக்டர் ‘எவ்வளவு நாளா இந்த வலி இருக்கு?’ என்று கேட்பார். அந்தப் பதில் அப்படியே மருத்துவப் பதிவேட்டில் ஏறும். பதற்றத்தில் ‘ரொம்ப நாளா’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வலி, எப்போதிலிருந்து என்று சரியாகச் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துப் போட்ட விரிவான பில், ரசீதுகள், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகல் ஆகியவற்றை அங்கிருந்து கிளம்பும் முன்பே சேகரித்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு வாங்குவது பெரும்பாடு.

தங்கும் நாள் நீளும் என்று தெரிந்தால், பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால், இடையில் வந்த நோயெல்லாம் ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும்.

மறுத்தால் எங்கே போவது?

உண்மையை எழுதியும் இந்திய நிறுவனம் பணம் தர மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும், 155255, 1800 4254 732 ஆகிய எண்களிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும் என்பது முக்கியம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

கடைசியாக, வெளிநாடு போகாமல் காசி, ஹரித்வார் என்று ரயிலில் கிளம்பும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரயில் டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது சில பைசாக்களுக்கு வரும் காப்பீடு, ரயில் விபத்துக்கானது. வழியில் மாரடைப்பு வந்தால் அது உதவாது. உதவப்போவது வழக்கமான மருத்துவக் காப்பீட்டு அட்டைதான். அதைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

மறுபடியும் கும்பகோணம்...

அந்த வீட்டில் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “டாக்டர்கிட்ட போய், இவ்வளவு தூரம் ஃப்ளைட்ல போகலாமான்னு முதல்ல எழுதி வாங்குங்கப்பா. அந்த ஃபைலை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. அதுவரைக்கும் இந்த ஃபார்ம் அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

அப்பா எழுந்து பீரோவைத் திறந்தார். புடவைகளுக்கு அடியில் இருந்த அந்த ஃபைல், ஒரு வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தது.

மறுநாள் விண்ணப்பத்தில் எல்லாமே ஏறியது. ஸ்டென்ட், அதன் தேதி, அம்மாவின் இரண்டு மாத்திரைகள், அப்பாவின் ஐந்து மாத்திரைகள். பிரீமியம் கூடத்தான் செய்தது. “இவ்வளவா?” என்றார் அப்பா, வழக்கம்போல.

“இருக்கட்டும். பேரப்புள்ளையைத் தூக்கப் போற கை, ஆஸ்பத்திரி பில்லை நெனச்சு நடுங்க வேணாம்” என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் ஒரு பயணம் தயாராகிக்கொண்டிருந்தால், பெட்டி கட்டும் முன் அந்த ஃபைலைத் தேடி எடுங்கள்.